இடதுபுறம் பாருங்கள்

பதினோரு வருஷமாக இதே பேருந்து, இதே உரை.
ரோஸ்வித்தா மைக்கை இரண்டு தட்டுத் தட்டுவாள்:
"இடதுபுறம் பாருங்கள்."
இருபத்தெட்டுத் தலைகள் திரும்பும்.
நான் மட்டும் சாலையைப் பார்ப்பேன்.
டிரைவர் ஒலிம்பியுவுக்கு
திரான்சில்வேனியாவின் வரலாறு
காது வழியாகத்தான் தெரியும்.

மதிலுக்குள் பேருந்து போகாது. நடைதான்.
குடையை உயர்த்திப் பிடித்து அவள் முன்னே,
கடைசி ஆள் தொலையாமல் நான் பின்னே.
தையற்காரர் கோபுரம், தோல் பதனிட்டவர் கோபுரம்,
கயிறு திரித்தவர் கோபுரம்:
ஒவ்வொரு தொழிலும் தன் பங்குச் சுவரைத் தானே காத்தது என்பாள்.
"டிரைவர்கள் கோபுரம் எங்கே?" என்று கேட்பேன்.
வாரம் தவறாமல் கேட்பேன்.
யாராவது ஒருவர் சிரிப்பார். அவள் சிரித்ததில்லை.

அன்றைக்கு வளைவுச் சந்தில்
கூர்முனைச் சன்னல் ஒன்றைக் குடையால் காட்டி
"பதினான்காம் நூற்றாண்டு. அசல்.
உச்சியில் அந்த மூவிலைச் செதுக்கலைக் கவனியுங்கள்" என்றாள்.

சன்னல் திறந்தது.
கையில் ஈரத் தலையணை உறையோடு எத்தெல்கா.
"எண்பத்து மூன்று."
"ஆயிரத்து முந்நூற்று எண்பத்து மூன்றா?"
என்றார் குறிப்பேடு வைத்திருந்த கனவான்.
"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து. நவம்பர் மாசம்.
என் புருஷன் தெனேஷ் சுவரை உடைத்து வைத்தது.
மகளுக்கு நெஞ்சில் சளி. அடுப்படியில்
பகலிலும் விளக்கு வேண்டும், விளக்குக்கு மின்சாரம் கிடையாது.
டாக்டர் சீட்டில் வெயில் என்று எழுதினார்.
எந்தக் கடையில் வாங்குவது அதை?"
உறையை உதறிக் கொடியில் போட்டாள்.
நாலு சொட்டு, குறிப்பேட்டின் மேல்.

மதியம் கிராமப்புறம். பன்னிரண்டு கிலோமீட்டர், அதில் பாதி குழி.
ஹாப்ஸ் கொடிப் பந்தல்கள், மின்கம்பத்தில் நாரைக் கூடு,
சாலையைக் கடந்து முடிக்க மனசில்லாத ஆடுகள்.
குன்றின் மேல் கோட்டைச் சுவர், சுவருக்குள் தேவாலயம்.
ஃபுட்பால் ஆட்டத்தின் நடுவே ஓடிவந்த பையன்
முழங்கை நீளச் சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்பி ஓடினான்.
ஊரார் பன்றிக்கொழுப்பைத் தொங்கவிட்ட கோபுரத்தில்
எல்லோரும் மோந்து பார்த்தார்கள்.
வாசனை மிச்சமில்லை என்று ஓர் அம்மாவுக்கு வருத்தம்.

பிறகு வடக்குச் சுவர்.
செங்கல்லால் அடைத்த ஒரு வாய்.
"இங்கேதான் துருக்கியரின் பீரங்கிக் குண்டு..."
நிறுத்தினாள்.
நான் அன்றைக்குத்தான் முதன்முறையாக
அவள் காட்டிய பக்கம் பார்த்தேன்.
அந்த வாய்க்கு மேலே முனை இருந்தது.
எந்தக் குண்டு இவ்வளவு கூராக இடிக்கும்?
குடையைக் குறுக்காக வைத்துப் பார்த்தாள்:
ஒரு குடை, கூட நாலு விரல்.

"...விழுந்தது என்று சொல்வார்கள்" என்று முடித்தாள்.
சொல்வார்கள்.
அந்தச் சொல் பதினோரு வருஷ உரையில் இருந்ததே இல்லை.

திரும்பியதும் மதில் வாசலில் இறங்கி
குடையோடு சந்துக்குள் போனாள். மழை இல்லை.
இருபது நிமிஷம்.
மடியில் ஒரு பாட்டில் பிளம் ஜாமோடு முன் சீட்டில் உட்கார்ந்து
அளவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
"தெனேஷ் போய் ஆறு வருஷமாம்.
மக்காச்சோளத் தட்டைக்கு அடியில் வைத்து வண்டியில் கொண்டுவந்தானாம்,
ஏழு துண்டாக.
மகள் இப்போது நீச்சல் சொல்லித் தருகிறாள்" என்றாள்.
நான் கியரை மாற்றினேன்.

வியாழக்கிழமை பயணத்தில்
பாரம்பரியத் துறைக்காரர் ஒருவர், கழுத்தில் அட்டை.
கூர்முனைச் சன்னலுக்குக் கீழே நின்றோம்.
திரைக்குப் பின்னால் ஒரு நிழல் அசையாமல் இருந்தது.
ரோஸ்வித்தா குடையை உயர்த்தினாள்:
"பதினான்காம் நூற்றாண்டு. அசல்."

பொய்யில்லை. கல்லுக்கு வயசு மாறவில்லை,
முகவரிதான் மாறியது.

அவர் எழுதத் தொடங்கினார்.
நான் அவசரமாக டிரைவர்கள் கோபுரத்தைக் கேட்டேன்.
யாரும் சிரிக்கவில்லை,
அவளைத் தவிர.