மூன்றாம் பள்ளம்

முனவ்வர் ஷெட்டில் சொன்னார்கள்:
ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க.
ரெண்டு நாள் எங்களிடம் இல்லை.
செவ்வாய், வியாழன், சனி
அவர் ரத்தம் வேலூர் போய்க்
கழுவிக்கொண்டு வர வேண்டும்.

பின்பக்க ஷாக் ரெண்டும் செத்து நாலு மாசம்.
எண்ணெய் கசிந்த தண்டில் புழுதி அப்பிக் கறுத்துவிட்டது.
ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் முதுகுக்குப் பின்னால்
ஒரு சின்ன மூச்சு, பல்லிடுக்கில்.
கே.வி.குப்பத்துக்குள் ஒன்பது,
லத்தேரி தாண்டுமுன் இன்னும் பதினாலு.
அந்த மூச்சை எண்ணித்தான்
எனக்கு ரோடு மனப்பாடம்.

செவ்வாய் ராத்திரியே நட்டுகளுக்குத்
தேங்காயெண்ணெய் விட்டுப் படுத்தேன்.
புதன் காலை, வெயில் ஏறுமுன்,
சென்டர் ஸ்டாண்ட்.
பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர்.
ஊசி ஏறும் இடது கை மடியில்,
அதில் பாரம் தூக்கக் கூடாது.
வலது கையில் எவர்சில்வர் மூடி:
கழற்றுவதை வாங்கிவைக்கிற உத்தியோகம்.
'சொசைட்டியில பதினேழு வருஷம் ஸ்டாக் எடுத்தவன்.
ஒரு வாஷர் குறையாது.'

மாடியிலிருந்து பத்மஜா எட்டிப் பார்த்தாள்.
ஆம்பள ஆள் யாரையாச்சும் கூப்பிடட்டுமாக்கா?
'இருக்கேனே' என்று
மூடியைத் தூக்கிக் காட்டினார்.

ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டு,
ரெண்டையும் சேர்த்துக் கழற்றினால்
சக்கரம் தொங்கிவிடும்:
இது மட்டும்தான் எனக்குத் தெரிந்த சாஸ்திரம்.

இடது பக்கம் மரியாதையாக வந்தது.
வலது பக்கம் சைலன்சர் குறுக்கே நின்றது.
அதைத் தளர்த்தினால் கீழ்போல்ட் அசையவில்லை,
ஸ்பேனர் என் ஜாண் அளவுகூட இல்லை.
மோட்டார் போட்டபோது மிஞ்சிய
இரும்புக் குழாயை அதன் வாலில் செருகி
செருப்பைக் கழற்றிவிட்டு
குழாய் மேல் ஏறி நின்றேன்.
என் எடை முழுதும்.
டக்.
எலும்புதான் முறிந்தது என்று நினைத்து
இருவரும் ஒருவர் காலை ஒருவர் பார்த்தோம்.

இஞ்சி நசுக்கும் குழவியால்
மரத்துண்டு வைத்துத் தட்டி போல்ட்டை உருவினேன்.
புதியதன் கண் துளையோடு சேரவில்லை,
அரை விரற்கடை ஏமாற்றியது.
டயருக்கடியில் பலகையைக் கொடுத்து
முழங்காலால் நெம்ப,
'இன்னும்... இன்னும்... போட்டுடு' என்றார்
பிரசவ வார்டு நர்ஸ் மாதிரி.

அப்புறம்தான் அந்த வளையம்.
ஸ்பிரிங்குக்குக் கீழே ஐந்து பள்ளம்.
பின்னால் பாரம் கூடினால் ஏற்று, குறைந்தால் இறக்கு.
திருப்புவதற்கென்றே வளைந்த சாவி ஒன்று உண்டாம்;
என்னிடம் ஸ்க்ரூடிரைவரும் குழவியும்.

உங்க எடை என்ன?
வாரம் மூணு தரம் தராசு ஏறும் மனுஷன்
கேள்வியைத் திருத்தினார்:
'போறப்பவா, வர்றப்பவா?'

போகும்போது ஐம்பத்தெட்டரை.
வரும்போது ஐம்பத்தாறு.
நடுவில் ரெண்டரை கிலோ,
ஒரு தர்பூசணி.
பஸ் ஸ்டாண்ட் எதிரே கீறி அடுக்கியிருக்கும்,
இந்த மே மாசத்தில் அவர்
கண்ணைத் திருப்பிக்கொண்டு கடக்கிற அதே தர்பூசணி.

ரெண்டாம் பள்ளமா, மூன்றாமா?
குழவியை ஓங்கியபடி யோசித்தேன்.
'போற கணக்கே வை' என்றார்.
'வர்றப்ப நான் தூங்கிடுவேன்.'

இருபக்கமும் மூன்றில் நிறுத்தினேன்.
மூடியில் ஒரு வாஷர் மிச்சம்.
ஸ்டாக் எடுத்தவர் அதை
வெகு நேரம் பார்த்தார். மறுபடி
வலது மேல்நட்டைக் கழற்றினேன்.

சாயங்காலம் கவுண்டன்யா பாலம் வரை போய்வந்தோம்.
மணல்தான் ஆறு; அதிலும் ரெண்டு மாடு.
பள்ளிக்கூடத்து வேகத்தடை,
பாலத்துக்கு முன்னால் அந்த உடைசல்,
எல்லாம் வந்திருக்க வேண்டும்.
முதுகுக்குப் பின்னால் எதுவும் கேட்கவில்லை.
எங்கே வந்திருக்கிறோம் என்றே பிடிபடாமல்
வேகத்தைக் குறைத்து
தூங்கிட்டீங்களா என்றேன்.

'இல்ல. வலப்பக்கம் ஏதோ கீச்சுங்குது.
ஓட்டு, கேட்டுச் சொல்றேன்.'