மூன்றாம் பூச்சு

கட்டிலின் தலைப்பலகை அது.
ஜெலுத்தோங் அடுக்குமாடியின் கீழே
குப்பைத்தொட்டியில் சாய்ந்து கிடந்தது. நியாத்தோ மரம்.
விரலால் தட்டினேன், பேசியது.
லிஃப்ட் பழுது. பதினோரு மாடியும்
என் முதுகில் ஏறி வந்தது.

இரண்டாய் அறுத்து, ஒன்றன்மேல் ஒன்றாய் ஒட்டி
இடுப்பு வளைவு இழைத்த வாரம்
கீழ்வீட்டு ஃபௌஸி சத்தம் கேட்டு வந்தார்.
"தொட்டிலா? சொல்லவே இல்லையே!"

பாயான் லெப்பாசில் பன்னிரண்டு மணி நேரம்
எறும்புக் கால்களுக்கு ஈயம் வைக்கிற கை இது.
பிக்அப், வயர், வால்யூம் குமிழ்
ஒரே இரவு.

நிறம்தான் படுத்தியது.
முதல் பூச்சு வழிந்தது.
இரண்டாவதில் ஒரு கொசு இறங்கி
அங்கேயே தங்கிவிட்டது.
மூன்றாவது அடித்த மாலை
கடல் பக்கமிருந்து மழை.
கருநீலம் பால் தெளித்ததுபோல் வெளுத்தது.
தாழ்வாரக் கொடியில்
குவாட் கெங் அக்காவின் துண்டில் இரண்டு புள்ளி.
திட்டுவார் என்று நின்றேன்.
துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"இதில் நன்றாக வந்திருக்கிறதே."

நான்காவது அடிக்கவில்லை.
மழை வந்த இடம் தெரியட்டும்.

கம்பி பூட்டி ஆம்ப்பைத் திறந்தால்
உம்மென்று ஒரே முனகல்.
கம்பிமேல் கை வைத்தால் அடங்குகிறது,
எடுத்தால் மறுபடி.
உள்ளே செப்புத்தாள் ஒட்டினால் போய்விடும்.
இது தெரியாமலா எனக்குச் சம்பளம்?
தாளும் கத்தரியும் மேசைமேல்தான் இருக்கின்றன.

மணி மூன்று.
கையை எடுக்காமல்
உட்கார்ந்திருக்கிறேன்.