பின்சில்லு

அக்கராயன் கிறவல் றோட்டில், மூன்றாம் கியரில்,
காரின் பின்பக்கம் என்னைக் கேட்காமல்
பக்கவாட்டில் நடந்தது.
ஒரு மூச்சு நேரம்
நான் பார்த்த திசை ஒன்று, போன திசை வேறொன்று.
ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்தேன்.
யாரும் சொல்லித்தந்ததில்லை, கைக்குத் தெரிந்திருந்தது.
வால் திரும்பிவந்து நேரானது.
நகுலேஸ் கதவைப் பிடித்தபடி கண்ணை மூடியிருந்தான்.
புழுதிக்குள் யாரோ சத்தமாகச் சிரித்தார்கள்.
நான்தான்.

"இனியென்ன, சொல்லும்" என்கிறான் இப்போது,
பரந்தன் கராச்சில், எண்ணெய்த் துணியில் விரல் துடைத்து.
மூன்றையும் ஓடிப் பார்த்தாயிற்று.
சீட்டுக்காசு கையில் இருக்கிறது.
மிச்சத்துக்கு லீசிங்காரன்
காலையிலிருந்து இரண்டுமுறை எடுத்துவிட்டான்:
"மிஸ், ரெண்டு கதவுக் காருக்கு
பின் சீற்றில ஆர் ஏறப்போகினம்?"

மாங்குளத்துச் சிவப்பு நல்ல கார்.
முன்சில்லு இழுவை.
இழுப்பதென்றால் வண்டில் மாடு இழுப்பதுபோல,
முன்னங்கால் போன தடத்தில்தான் உடம்பு வரும்.
வளைவில் கூட அழுத்தினால்
மூக்கை வெளியே நீட்டி அடம்பிடிக்கும்,
காலை எடுத்தால் பேசாமல் திரும்பும்.
பெற்றோல் குடிக்காது. பாட்ஸ் எங்கும் கிடைக்கும்.
"உமக்கு இது காணும்."
காணும் என்ற சொல்
எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை.

கிளிநொச்சி டொக்டர் விற்கும் நீலம் என்றால்
நாலு சில்லும் வேலை செய்வது.
முத்தையன்கட்டுப் பக்கம், மாரியில்,
காட்டிலிருந்து றோட்டுக்கு ஏறிய யானையைப் பார்த்திருக்கிறேன்.
சேறு அதனிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.
போன கிழமை மழைத்தண்ணி நின்ற வளைவில்
அந்தக் காரை அறுபதில் விட்டேன்.
ஒன்றும் நடக்கவில்லை.
இறங்கும்போது எனக்கிருந்த குறையும் அதுதான்.
விலையும் யானை விலை, தீனியும் யானைத் தீனி.

வவுனியாவிலிருந்து வந்த இந்த வெள்ளை
என்னைவிட இரண்டு வயது இளையது.
இடது மட்காட்டில் துரு.
பின்சில்லு தள்ளும், முன்சில்லு திரும்பும்,
வேலையைப் பிரித்துக்கொண்டதால்
ஸ்டியரிங்கில் இழுபறி இல்லை.
சைக்கிளும் அப்படித்தானே,
மிதிப்பது எல்லாம் பின்னுக்குத்தானே போகிறது.

"விசரே? மழைக்கு உம்மைக் குளத்துக்குள்ள கொண்டுபோய் விடும்."

நகுலேஸ், என் வேலை உமக்குத் தெரியும்.
முகமாலையில் பதினொரு வருஷம்.
ஒரு மீற்றர் அகல ஒழுங்கை,
இரண்டு பக்கமும் சிவப்புத் தடி.
கருவி கேட்டு, கண் பார்த்து, கை சுரண்டி,
அதற்குப் பிறகுதான் முழங்கால்.
நல்ல நாளில் ஆறு மீற்றர்.
வேர் கூடின இடமென்றால் இரண்டு.
கிழமைக்கு ஐந்து நாள்
நான் முன்சில்லில்தான் ஓடுகிறேன்.

அவன் கொஞ்சநேரம் பேசவில்லை.
போனட்டை மூடினான், திரும்பத் திறந்தான்,
பற்றித் தலையை ஒருதரம் இறுக்கினான்.
"பின்னுக்குப் பாரம் காணாது" என்றான்,
"டிக்கிக்குள்ள மண் மூட்டை ஒண்டு போடுவம்,
மாரி முடியுமட்டும்."
யூரியாப் பையில் கட்டியிருந்ததைத் தோளில் கொண்டுவந்தான்.
மெதுவாக வையும் என்றேன், பழக்கத்தில்.
கார் ஒரு விரலளவு பதிந்தது.

மண் எங்க அள்ளினது?

"ஆத்து மண்ணப்பா. கனகராயன் ஆறு."

ஆத்தில எந்தப் பக்கம்?

அவன் சிரித்தான்.
நான் கயிற்றை அவிழ்த்தேன்.
விரல் முன்னால் போக, முழங்கை பின்னால் போக,
ஈர மண்ணை அடிமட்டும் தடவிப் பார்த்துவிட்டு
சாவிக்குக் கை நீட்டினேன்.