தலைக்கணக்கு

இந்த நாட்டில் குளிர்காலம் கிடையாது.
எங்கள் முதலாளிதான் அதை அச்சடித்துக் கொண்டுவந்தார்:
'டிசம்பர் குளிர்காலச் சிறப்புச் சுற்றுலா,
பசியாறலும் அருவியும் சேர்த்து
தலைக்கு எண்பது வெள்ளி.
ஜாக்கெட் வாடகை ஐந்து, தனி.'

ரிங்லெட் கடைத்தெருவில் ஏழரைக்கு வேன் நிற்கும்.
முட்டைக்கோஸ் லோரிகள் உரசாமல் ஒதுங்கிப் போகும்.
தேயிலைக்குப் போகும் வங்காளப் பையன்கள்
முதுகில் கூடையும் காதில் கைப்பேசியுமாய்க்
கையசைப்பார்கள். அதையும் படமெடுப்பார்கள்.
பிறகு இறக்கம். வளைவுக்கு வளைவு
குளிர் கழன்று விழுந்துகொண்டே வரும்;
ஜாக்கெட்டை மட்டும் ஒருவரும் கழற்றமாட்டார்கள்.
கொடுத்த ஐந்து வெள்ளிக்கு
வேர்த்தாலும் குளிரத்தான் வேண்டும்.

'லாத்தான்னா யாரும்மா, ராணியா?'
திருச்சி வங்கிக்காரர் கேட்டார்.
'மலாயில் லாத்தான்னா அருவி சார்.'
'அப்போ அருவிக்குப் பேரு?'
'அருவிதான்.'
ஒன்பது வருடமாய் அதே வளைவில் அதே சிரிப்பு.
ஓட்டுநர் கதிரேசு மட்டும்
கியரை மாற்றிக்கொள்வார்.

என் வேலை இதுதான்:
அருவிக்கு முதுகைக் காட்டி நிற்பது.
முகங்களைப் பார்த்துத்தானே பேசவேண்டும்.
பாசி வழுக்கும் என்பேன், குரங்கு பறிக்கும் என்பேன்,
இருபது நிமிடம் என்பேன்.
பின்னால் அது விழுந்துகொண்டிருக்கும்.
நான் கண்டதெல்லாம் வந்தவர்களின் மூக்குக்கண்ணாடியில்
இரண்டு சின்ன வெள்ளைக் கோடுகள்.
சில முகங்களில் அது முழுசாய் விழும்.
சில முகங்களில்,
'குத்தாலத்தைப் பார்த்தவங்களுக்கு இதெல்லாம்...'
என்று பாதியிலேயே வற்றிவிடும்.

நேற்றிரவு முழுக்க மழை.
மேலே எந்தக் காய்கறித் தோட்டத்து மண்ணோ,
இன்று தே தாரிக் நிறமாம்.
அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.
'படத்துல வெள்ளையா இருந்துச்சே' என்றாள் ஒருத்தி,
சீனி குறைந்ததென்று கோப்பையைத்
திருப்பித் தருகிறவள் போல.
பெத்தாய்க் கட்டுகளைப் பாயில் அடுக்கிக்கொண்டிருந்த
ஓராங் அஸ்லிப் பெண்
தலையைத் தூக்காமல் சொன்னாள்: 'ஹூஜான்.'
மழை.
என் முக்கால் மணி நேர விளக்கத்தைவிட அது போதும்.

நேரம் முடிந்தது. எண்ணினேன்.
பதினொன்று வரவேண்டும். பத்து.
விரல் மடக்கி மறுபடியும். பத்து.
கதிரேசு இறங்கிவந்து எண்ணினார்.
வாய் அசைந்தது, ஒன்றும் சொல்லவில்லை.
ஒன்பது வருடமாய்ப் பின்னாலேயே இருந்த ஓசை
அப்போதுதான் முதுகெலும்பில் ஏறியது.

திரும்பினேன்.

அம்மாடி, நீ இவ்வளவு பெரிசா.
கறுத்த பாறைமேல் பழுப்பாய்ப் புரண்டு,
வேரோடு ஒரு மூங்கிலை இழுத்துவந்து
நடுப்படியில் நிறுத்தி,
வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்து,
பிறகு ஒரே தள்ளு.
அதற்குள்ளே தேடினேன்:
ஒரு கை, ஒரு செருப்பு, நீல ஜாக்கெட் ஒன்று.
நுரை ஒவ்வொன்றும் தலையாய் எழும்பி
எண்ணுமுன் உடைந்தது.
விளிம்புவரை போய்விட்டேன்.
பாசி வழுக்கும் என்று
என்னிடம் சொல்ல அங்கே யாருமில்லை.

'என்னாக்கா தேடுறீங்க?'
சுங்கை பட்டாணிக்காரர், குணாளன்.
வயிறு காலையில் இருந்ததைவிடப் பெரிதாயிருந்தது.
ஜிப்பை இறக்கினார்.
உள்ளே ஒரு நெற்றி, தூங்கி எழுந்த இரண்டு கண்கள்.
'இவளுக்குக் குளிருதுன்னா' என்றார்,
குற்றவாளி போலவும், கொஞ்சம் பெருமையாகவும்.
அடியே.
உன்னைத் திட்டலாமா என்று நினைப்பதற்குள்
ஒரு கொட்டாவி விட்டு
மறுபடி அப்பாவுக்குள் போய்விட்டாள்.

சாயங்காலம் ஜாக்கெட்டுகளை எண்ணினேன். பத்து.
காலையில் கொடுத்ததும் பத்துதான்,
சீட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது.
ஐந்து வெள்ளி மிச்சம் பிடித்த மனிதர்
என் உயிரில் பாதியைக் கொண்டுபோயிருப்பார்.

வேனைக் கழுவிக்கொண்டே கதிரேசு கேட்டார்:
'எப்பவும் முதுகுதானே நனையும் உங்களுக்கு,
இன்னிக்கு என்னா, முன்னாடி எல்லாம்?'
'ஹூஜான்' என்றேன்.
அவர் வானத்தைப் பார்த்தார்.
ஒரு பொட்டு மேகம் இல்லை.
நாளைக்குப் பதினான்கு பேர்.