மேந்தலைச் செலவு

விமானத்தில் ஆறு இருக்கை.
வந்தது நாலு பேர்.
மிச்சம் இரண்டிலும்
வரைபடச் சுருளும் ஒரு ஐஸ் பெட்டியும்.

இரத்மலானையிலிருந்து பலாலி
ஒரு மணித்தியாலம்.
ஓடுபாதையோரம் காத்து நின்றதற்கும் வாடகை.
தரிப்புக் கட்டணம், விமானிக்குச் சாப்பாடு,
பிறகு மணற்காடு மட்டும் ஏசி வான்.
பற்றுச்சீட்டுகளைத் திகதி வாரியாய் ஒட்டிவைத்தேன்.

கொந்தராத்துக்காரர் அருளம்பலம் சொன்னார்:
"பிள்ளை, உதெல்லாத்தையும் மேந்தலையில போடு.
பதினெட்டுக் குழிக்கும் பிரிச்சுவிட்டா
ஒருத்தருக்கும் நோகாது."

பிரித்தேன்.
குழிக்கு இவ்வளவு,
புல்லுக்குச் சதுர மீற்றருக்கு இவ்வளவு,
புல்லுக்கு ஊற்றப்போகும் பவுசர் தண்ணீரில்
லீற்றருக்குச் சதக்கணக்கில் கொஞ்சம் வானம்.

திரும்பும்போது ஐஸ் பெட்டி நிறைய நண்டு.
"மண் மாதிரி, இருபது கிலோ" என்று எழுதச் சொன்னார்.
எழுதினேன்.

நாற்பத்திமூன்றாம் உருப்படியில்தான் பேனை நின்றது.
பங்கர், முப்பத்தொன்பது.
ஆழம் ஒன்றரை மீற்றர்,
வெள்ளை மணல் நிரப்புதல் உட்பட.

சோதனைக் குழி தோண்ட வந்த பெக்கோக்காரன் யேசுரட்ணம்
வரைபடத்தைத் தலைகீழாய்ப் பிடித்தபடி கேட்டான்:
"அக்கா, பங்கர் எண்டா மூடி எங்க?
பனங்குத்தி எத்தினை, மண்மூட்டை எத்தினை,
ஒண்டும் போடேல்லையே?"

மூடி இல்லை, பந்து விழத்தான் என்றேன்.
"ஆர் உதுக்குள்ள வேணுமெண்டு விழுத்துறது?"
ஒருத்தரும் இல்லை.
விழுந்தால் வெளியே எடுக்க ஓரடி கூடப் போகும்,
அவ்வளவுதான்.
அவன் சிரிக்கவில்லை.

எங்கள் வளவிலும் ஒன்று இருந்தது,
டானா வடிவில்.
அப்பாவும் பக்கத்து வீட்டு இரண்டு பேரும்
ஒரு பின்னேரத்தில் வெட்டி முடித்தது.
கூலி: தேத்தண்ணி.
மூலப்பொருள்: வாசல் பனை இரண்டு.
மேந்தலை: விமானம்.
அதன் எண்ணெய்க் காசையும் அன்றைக்கு
யாரோ ஒரு கணக்காளர்
எங்கள் தலைக்குத்தான் பிரித்துப் போட்டிருப்பார்.

இரண்டரை மணிக்கு அவர்களின் விமானம்
பலாலிப் பக்கமிருந்து ஏறி
கடலோரமாய்த் திரும்பியது.
சவுக்குக்கு மேலால் சத்தம் வந்ததும்
பெக்கோ நின்றுவிட்டது.
கை அந்தரத்தில்,
வாளியில் பாதி மணல்.

"ஏன் நிப்பாட்டினனி?"
"சும்மா."

சத்தம் தேய்ந்து,
கடல் திரும்பக் கேட்கத் தொடங்கிய பிறகும்
அவன் திறப்பைத் திருகவில்லை.

விலைமனு நாளை பத்து மணிக்கு மூடுகிறது.
இயந்திரம் சும்மா நின்ற நேரம், நாலு நிமிடம்.
எந்த உருப்படியிலும் அது அடங்கவில்லை.
பென்சிலால் ஓரத்தில் குறித்துவைத்திருக்கிறேன்.