இடது கை

செவ்வாய், பதினொன்று நாற்பது.
வெள்ளி, மூன்று ஐந்து. மறுபடி மூன்று இருபது.
சனிக்கிழமை நாள் முழுக்க ஒன்றுமில்லை.
பீடி லேபிளின் பின்பக்கத்தில்
மடிக்கணினி செத்த நேரங்களைக் குறித்துவருகிறேன்.

சொல்லாமல் கொள்ளாமல் வரும்.
சொட்டு நீலம் கூடிப்போன வேட்டிபோல் திரை,
அதில் படுத்துக்கிடக்கும் ஒரு அழுமூஞ்சி.
பிறகு சதவீதம் ஏறும்: பூஜ்யம், இருபது, நூறு.
எதை எண்ணுகிறது என்று இதுவரை பிடிபடவில்லை.
அதற்குள்
நான் சேமிக்காத நாற்பது பெண்கள் போயிருப்பார்கள்
வைப்புநிதி எண்ணோடும் அப்பா பெயரோடும்.

கரண்டுதான் என்றார் அண்ணாச்சி.
முக்கூடலில் எது கெட்டாலும் அவருக்குக் கரண்டுதான்.
ஸ்டெபிலைசர் வந்தது.
அடுத்த மின்வெட்டில், பேட்டரியில் ஓடும்போதே
நீலம்.
சூடுதான் என்றாள் லேபிள் ஒட்டும் சண்முகக்கனி.
அடியில் இரண்டு செங்கல் முட்டுக்கொடுத்து
டேபிள் ஃபேனைத் திருப்பிவைத்தோம்.
பில்கள் பறந்தன. அதுவும் வந்தது.

நானும் சும்மா இருக்கவில்லை.
டிரைவர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினேன்,
பிரிண்டரைப் பிடுங்கிப் பார்த்தேன், வைரஸ் தேடினேன்,
கடைசியில் எல்லாவற்றையும் துடைத்தழித்து
விண்டோஸைப் புதிதாக ஏற்றினேன்.
ஒரு ஞாயிறு அதில் போனது.
திங்கள் ஒன்பதேகாலுக்கு
அதே மூஞ்சி.

வண்ணார்பேட்டையில் பீர் மைதீன் கடை,
மாடிப்படிக்குக் கீழே, ஆள் நிமிர முடியாத இடம்.
பின்மூடியைத் திறந்து
விசிறியிலிருந்து பிரஷ்ஷால் வழித்தது
ஒரு கைப்பிடி பீடித்தூள்.
'இத வித்தாலே ரிப்பேர் காசு வந்துரும்' என்றார்.
தூள் போனது, நீலம் போகவில்லை.
ராமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்து மாட்டி
ராத்திரி முழுக்க மெமரி சோதனை ஓட்டினார்.
காலையில்: பிழை ஏதுமில்லை.
மூன்று ராத்திரி.
பிழை ஏதுமில்லை.

'இங்கன இருந்து அடிங்க, நான் பாக்கேன்.'

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து
பாப்பாக்குடிப் பட்டியலைத் திறந்தேன்.
முந்நூற்றுப் பத்து. முந்நூற்றுப் பன்னிரண்டு.
அவர் யாருடைய போனுக்கோ கண்ணாடி ஒட்டினார்,
டீ குடித்தார்.
முந்நூற்றுப் பதினாறு, பேச்சித்தாய், கணக்கு முடிப்பு.
காரணம்: இறப்பு. வாரிசு:

நீலம்.

'இப்பம் இடது கைய எங்கன வச்சிய?'

எங்கேயும் வைக்கலையே என்றேன்.
வைத்திருந்தேன்.
விசைகளுக்கு இடப்பக்கம், உள்ளங்கையை ஊன்றி,
உடம்பின் பாரம் முழுக்க அதன் மேல்.
அடிக்கும்போது கை மிதக்கிறது;
நின்றால் இறங்கிவிடுகிறது.
அதற்கு நேர் கீழே இரண்டாவது ராம்,
நூலிழை அளவு பற்று விட்ட ஈயம்.
அவர் விரலால் அழுத்திக் காட்டினார்: நீலம்.
இன்னொருதரம், சின்னப்பையன் காலிங்பெல் அடிப்பதுபோல்:
நீலம்.

ராத்திரிச் சோதனைகளில் தப்பில்லை.
யாரும் கை ஊன்றாத ராத்திரிகள் அவை.

அம்பாசமுத்திரம் பஸ்ஸில் லேபிளை எடுத்துப் பார்த்தேன்.
நேரம் குறித்தேனே தவிர
என்ன அடித்துக்கொண்டிருந்தேன் என்று குறிக்கவில்லை.
செவ்வாய், இடைகால், முடிப்பு.
வெள்ளி இரண்டுமே முடிப்பு.
சனிக்கிழமை வந்தது எல்லாம் புதிதாய்ச் சேர்ந்தவர்கள்.
திங்கள் ஒன்பதேகால் மட்டும்
டீ வருகிறதா என்று வாசலைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

அந்த ராமைக் கழற்றிக் காகிதத்தில் மடித்துக் கையில் தந்துவிட்டார்.
முந்நூற்றைம்பது ரூபாய். பாதி மெமரி.
'மெதுவாத்தான் ஓடும். ஆனா ஓடும்.'

ஓடுகிறது, பதினெட்டு நாளாக.
பேச்சித்தாயின் மகள் இன்னும் படிவம் கொண்டுவரவில்லை.
அந்த வரியில் கர்சர் மின்னி மின்னி நிற்கிறது.
கையை எடுத்து
மடியில் வைத்துக்கொள்கிறேன்.