இரண்டு இசக்கியம்மாள்

பதினொன்றில் முக்கூடல் இசக்கியம்மாள்.
பதினாலில் சிவந்திபுரம் இசக்கியம்மாள்.
பேர் ஒரே சாமி தந்தது,
ரத்தம்தான் வேறு.

அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரி. மணி இரண்டே கால்.
கரண்ட் போய் வந்து
குழல்விளக்கு இன்னும் முழிக்கவில்லை.
பையைத் தொங்கவிட்டேன்.

'பேரு, ஐயா பேரு, ஊரு சொல்லுங்க.'
'எத்தன மட்டந்தான் கேப்பிய?
இசக்கியம்மா. சொரிமுத்து மவ. முக்கூடலு.'

பைச்சீட்டில்
சிவந்திபுரம்.

கழற்றி எடுத்தேன்.
கையுறைக்குள் வியர்வை.
அவள் மறுபக்கம் திரும்பிக் குறட்டை விட்டாள்.

யாரும் பார்க்கவில்லை.
நடக்காமல் போனதை எழுத
எங்களிடம் ஒரு நோட்டு உண்டு,
ஒரு வருசத்தில் மூன்று பக்கம்தான் நிரம்பியிருக்கிறது.
மெமோ பயம்.
பேனாவை மூடினேன், திறந்தேன், மூடினேன்.
பிறகு எழுதினேன்:
'நான், ஜெபக்கனி, இரவுப் பணி...'

காலையில் ஹெட்சிஸ்டர் ஆவுடையம்மாள்
நின்றபடியே வாசித்தார்.
யார் என்று கேட்கவில்லை.
'ரெண்டு பையும் ஒரே தட்டுல
எப்படி வந்துது பிள்ள?' என்றார்.
ரத்த வங்கிக்கு அப்போதே நடந்தோம்.

மத்தியானத்துக்குள் தட்டுகள் இரண்டாயின.
மணிக்கட்டுப் பட்டையில் ஊர்ப் பேரும் ஏறியது.
எதிர் வார்டுக்கு மாற்றிய முக்கூடல்காரி
என்னை ஏசிக்கொண்டிருக்கிறாள்,
ஃபேன் காத்து அங்கே எட்டவில்லையாம்.